காரைக்கால் பெற்றோரே, பிள்ளை 3-ம் வகுப்பு போறதுக்கு முன்னாடி இந்தக் கணக்கைப் போட்டுட்டீங்களா?



நாகூர்லேர்ந்து வண்டியை எடுத்துட்டு வாஞ்சூர் வந்து பெட்ரோல் போட்டுட்டுத் திரும்பிப் போறவங்களை நாம தினம் பார்க்கிறோம். லிட்டருக்குச் சில ரூபாய் மிச்சம். வடக்கே நண்டலாறு பக்கமும் இதே கதைதான். எல்லைக்கு இந்தப் பக்கம் எது மலிவு, அந்தப் பக்கம் எது மலிவுன்னு நம்ம ஊர்ல சின்னப் பையனைக் கேட்டாக்கூடச் சொல்லிடுவான்.

ஆனா ஏழு வருஷப் படிப்புச் செலவையே மாத்தக்கூடிய ரெண்டு கோடு நம்ம காரைக்கால்ல இருக்கு. ஒண்ணு மாவட்ட எல்லை. இன்னொண்ணு நகராட்சி எல்லை. இந்த ரெண்டையும் பார்த்துப் பிள்ளையைப் பள்ளிக்கூடத்துல சேர்க்கிறவங்க ரொம்பக் கம்மி. வீடியோல இதை அஞ்சு நிமிஷத்துல சொல்லிட்டுப் போயிட்டேன். "முழுசா எழுதுங்க சார்"னு நிறைய பேர் கேட்டதால, இங்கே நிதானமா எழுதுறேன்.

முதல்ல எங்க வீட்டுக் கதை.

என் பெரியம்மா பொண்ணு, எனக்கு அக்கா முறை. நெடுங்காடு கொம்யூன்ல வீடு. பையன் ஊர்ல இருக்கிற பள்ளியில மூணாவது வரைக்கும் படிச்சான். நாலாவதுக்கு டவுன்ல ஒரு தனியார் பள்ளியில சேர்த்தாங்க. வேன், பீஸ், புத்தகம்னு அந்த ஒரு வருஷம் கழுத்தை நெரிச்சிடுச்சு. அத்தானுக்கு அந்த வருஷம் விளைச்சலும் சரியில்ல. அஞ்சாவதுக்குத் திரும்ப ஊர்ப் பள்ளிக்கே கொண்டு வந்துட்டாங்க. அப்புறம் நவோதயாவுக்கு விண்ணப்பம் போடும்போது அக்கா என்னைக் கூப்பிட்டுச்சு: "தம்பி, இவன் கிராமப்புறம்னுதானே போடணும்?"

விதியைப் படிச்சுப் பார்த்தேன். போட முடியாது. நாலாவது படிச்ச அந்த ஒரு வருஷம் அவனை நகர்ப்புற மாணவனா மாத்திடுச்சு. வீடு கிராமம். அப்பா விவசாயி. அஞ்சாவது படிக்கிறதும் கிராமப் பள்ளி. இருந்தாலும் நகர்ப்புறம்தான். பையன் தேர்வு எழுதினான், தேர்வாகலை. கிராமப் பட்டியல்ல இருந்திருந்தா கண்டிப்பா கிடைச்சிருக்கும்னு நான் சொல்ல மாட்டேன். ஆனா அந்த வாய்ப்பை மூடினது நாங்களேதான், அதுவும் பீஸ் கட்டி மூடினோம். அந்த வருத்தம் அக்காவுக்கு இன்னும் போகலை.

இந்தப் பதிவு அதுக்காகத்தான்.

நவோதயான்னா என்ன, நமக்கு ஏன் அது பெரிய விஷயம்?

ஜவஹர் நவோதயா வித்யாலயா, மத்திய அரசு நடத்துற உண்டு உறைவிடப் பள்ளி. 1986 தேசியக் கல்விக் கொள்கையோட சேர்ந்து வந்த திட்டம். மாவட்டத்துக்கு ஒரு பள்ளி. கிராமத்துல இருக்கிற திறமையான பிள்ளைகளுக்குக் காசு வாங்காம நல்ல படிப்பு கொடுக்கணும்ங்கிறதுதான் நோக்கம். 6-ம் வகுப்புல தேர்வு வெச்சு எடுப்பாங்க. 12-ம் வகுப்பு வரை அங்கேயே தங்கி சிபிஎஸ்இ பாடத்திட்டத்துல படிக்கலாம். தங்குமிடம், சாப்பாடு, சீருடை, புத்தகம் எல்லாம் இலவசம்.

தமிழ்நாட்டுல ஒரு மாவட்டத்துலகூட நவோதயா கிடையாது. மும்மொழி ஏற்பாடு இருக்கிற பள்ளி, 1968-லேர்ந்து இருமொழிக் கொள்கையில இருக்கிற மாநிலம், அதனால தமிழ்நாடு அரசு ஏத்துக்கலை. 2017-ல சென்னை உயர் நீதிமன்றத்தோட மதுரைக் கிளை திறக்கச் சொல்லி உத்தரவு போட்டது. அதே வருஷம் உச்ச நீதிமன்றம் அதுக்கு இடைக்காலத் தடை கொடுத்தது. அந்த மொழி விவாதத்துக்குள்ள நான் இங்கே போகலை. நமக்கு வேண்டியது இதுதான்: புதுச்சேரி யூனியன் பிரதேசத்துல புதுச்சேரி, காரைக்கால், மாஹே, ஏனாம்னு நாலு இடத்துலயும் நவோதயா இருக்கு.

இப்ப வரைபடத்தை எடுத்துப் பாருங்க. நமக்கு வடக்கே மயிலாடுதுறை மாவட்டம், தெற்கே நாகப்பட்டினம், மேற்கே திருவாரூர். மூணு பக்கமும் தமிழ்நாடு, ஒரு பக்கம் கடல். நடுவுல 160 சதுர கிலோமீட்டர் அளவுக்கு ஒரு சின்ன மாவட்டம். 2011 கணக்கெடுப்புப்படி மக்கள்தொகை 2 லட்சத்துக்குப் பக்கம். இந்த 2 லட்சம் பேருக்கு ஒரு நவோதயா. வட இந்தியாவுல 20 லட்சம், 30 லட்சம் பேர் இருக்கிற மாவட்டத்துக்கும் ஒரே ஒரு நவோதயாதான். இப்படி ஒரு சாதகம் நமக்கு இருக்குங்கிறதே பல பேருக்குத் தெரியாது.

முதல் கோடு: மாவட்ட எல்லை

விதி ரொம்ப எளிமையானது, ஆனா கறாரானது. பிள்ளை 5-ம் வகுப்பு படிக்கிற பள்ளி, நவோதயா இருக்கிற அதே மாவட்டத்துல இருக்கணும். குடும்பமும் அந்த மாவட்டத்துல வசிக்கணும். ரெண்டும் வேணும்.

இதனால என்ன ஆகுதுன்னு நம்ம ஊர் உதாரணத்துல பார்ப்போம்.

வாஞ்சூர்ல வீடு. பிள்ளை நாகூர்லயோ நாகப்பட்டினத்துலயோ ஒரு தனியார் பள்ளியில படிக்குது. வீடு காரைக்கால் மாவட்டம், பள்ளி தமிழ்நாடு. காரைக்கால் நவோதயாவுக்கு விண்ணப்பிக்க முடியாது. பொறையார் பக்கம் பள்ளிக்கு அனுப்புற பூவம்காரங்களுக்கும் இதேதான். பள்ளி வேன் வாசலுக்கு வருதுன்னு சேர்த்திருப்போம். அந்த வேன் தினமும் எல்லையைத் தாண்டுதுங்கிறதை யோசிச்சிருக்க மாட்டோம்.

இதுக்கு நேர்மாறா, நாகூர்ல வீடு, பிள்ளை காரைக்கால்ல படிக்குதுன்னா அதுவும் ஆகாது. குடியிருப்புச் சான்றிதழ் கேட்பாங்க.

"மாவட்டத்தையே பிரிச்சா என்ன ஆகும்?"னு ஒருத்தர் கேட்டிருந்தார். நல்ல கேள்வி. நவோதயா விதியிலேயே பதில் இருக்கு. பள்ளி திறந்த பிறகு மாவட்டம் ரெண்டாப் பிரிஞ்சா, புது மாவட்டத்துல தனி நவோதயா வர்ற வரைக்கும் பழைய மாவட்ட எல்லையைத்தான் கணக்குல எடுத்துக்குவாங்க. அதாவது கோடு மாறினதால பிள்ளைக்கு வாய்ப்பு போகாது.

நம்ம பக்கத்துலயே 2020 டிசம்பர் 28-ம் தேதி நாகப்பட்டினத்துலேர்ந்து மயிலாடுதுறை தனி மாவட்டமா செயல்பாட்டுக்கு வந்தது. அங்கே நவோதயா இல்லாததால இந்த விதிக்கு வேலை இல்ல. ஆனா வேற ஒரு விதத்துல அந்தக் கோடு உதவியா இருந்தது. தமிழ்நாடு அரசு 2021-22-லேர்ந்து மாவட்டத்துக்கு ஒண்ணுன்னு உண்டு உறைவிட மாதிரிப் பள்ளிகளைத் தொடங்கி, 38 மாவட்டத்துக்கும் கொண்டு வந்தது. அரசுப் பள்ளியில படிக்கிற பிள்ளைகளுக்கு 9-ம் வகுப்புலேர்ந்து 12 வரை. தனி மாவட்டம் ஆனதால மயிலாடுதுறைக்குத் தனிப் பள்ளி. எல்லையைக் கடந்து அந்தப் பக்கம் படிக்கிற பிள்ளைகளுக்கு இது ஒரு வழி. நம்ம பக்கம் படிக்கிற பிள்ளைகளுக்கு இது கிடையாது. ஆக ரெண்டு பக்கமும் ஒரு வாசல் இருக்கு. ஒரு பக்கம் 6-ம் வகுப்புல திறக்குது, இன்னொரு பக்கம் 9-ம் வகுப்புல திறக்குது. எந்த வாசல் உங்களுக்குன்னு தெரிஞ்சு நிக்கணும், அவ்வளவுதான்.

ரெண்டாவது கோடு: நகராட்சி எல்லை

எங்க அக்கா மாட்டிக்கிட்டது இதுலதான்.

நவோதயாவுல குறைஞ்சது 75 சதவீத இடம் கிராமப்புறப் பிள்ளைகளுக்கு. ஒரு பள்ளியில 6-ம் வகுப்புக்கு அதிகபட்சம் 80 இடம். 80 இடம்னு வெச்சுக்கிட்டா 60 கிராமத்துக்குப் போயிடும். மீதி 20-க்கு எல்லாருமே போட்டி போடலாம், கிராமத்துப் பிள்ளைகளும் சேர்த்து. மூணுல ஒரு பங்கு இடம் பெண் பிள்ளைகளுக்கு. எஸ்சி, எஸ்டி, ஓபிசி, மாற்றுத்திறனாளி ஒதுக்கீடும் இதுக்குள்ள வரும்.

இதுல "கிராமப்புறம்"னா என்ன? நம்மள்ல நிறைய பேர் வீடு எங்கே இருக்குன்னு பார்க்கிறோம். விதி பள்ளியைப் பார்க்குது. 3, 4, 5 மூணு வகுப்பையும், முழுக் கல்வியாண்டும், கிராமப் பகுதியில இருக்கிற அரசு அல்லது அங்கீகாரம் பெற்ற பள்ளியில படிச்சிருக்கணும். இந்த மூணு வருஷத்துல ஒரே ஒரு நாள் நகர்ப்பகுதிப் பள்ளியில படிச்சிருந்தாலும் நகர்ப்புறம்னுதான் எடுத்துக்குவாங்க. ஒரே ஒரு நாள்!

காரைக்கால் மாவட்ட மக்கள்தொகையில பாதிக்குச் சற்று குறைவானவங்க நகர்ப்பகுதியில இருக்காங்க. மத்தவங்க திருநள்ளாறு, நெடுங்காடு, கோட்டுச்சேரி, நிரவி, திருமலைராயன்பட்டினம்னு கொம்யூன் பகுதிகள்ல இருக்காங்க. கொம்யூன்ல இருந்தாலே கிராமம்னு நினைச்சுடாதீங்க. நகராட்சிக்கு வெளியே இருக்கிற சில இடங்களும் மக்கள்தொகைக் கணக்கெடுப்புல நகர்ப்பகுதியா வரலாம். நவோதயா பார்க்கிறது 2011 கணக்கெடுப்பையும் அதுக்கப்புறம் வந்த அரசு அறிவிக்கைகளையும். நாளைக்கே ஒரு கிராமத்தை நகராட்சியோட சேர்த்து அறிவிக்கை வந்தா, அங்கே இருக்கிற பள்ளியும் நகர்ப்பகுதிப் பள்ளி ஆயிடும். எல்லை நகரும்போது பள்ளி நின்ன இடத்துலேயேதான் இருக்கும். ஆனா பிள்ளையோட வரிசை மாறிடும். அதனால பள்ளித் தலைமையாசிரியர்கிட்ட ஒரே ஒரு கேள்வி கேளுங்க: "சார், நம்ம பள்ளி நவோதயா விண்ணப்பத்துல கிராமப்புறம்னு வருமா, நகர்ப்புறமா?" விண்ணப்பத்துக்கான சான்றுல கையெழுத்து போடுறவர் அவர்தான், அவருக்குத் தெரிஞ்சிருக்கும்.

இன்னொரு விதி, இதையும் மறந்துடாதீங்க. இந்தத் தேர்வை ஒரு பிள்ளை ஒரு தடவைதான் எழுத முடியும். அடுத்த வருஷம் பார்த்துக்கலாம்ங்கிற பேச்சே கிடையாது.

சரி, காசுக் கணக்குக்கு வருவோம்

இது நம்ம ஏரியா. கீழே இருக்கிற பீஸ் தொகை எல்லாம் கணக்குக்காக நான் எடுத்துக்கிட்டது. உங்க பள்ளி பீஸை வெச்சு மாத்திப் போட்டுக்குங்க.

ஒரு நடுத்தரத் தனியார் பள்ளி. 6-ம் வகுப்புல:

- பள்ளிக் கட்டணம் வருஷத்துக்கு 45,000 ரூபாய்
- வேன், புத்தகம், சீருடை சேர்த்து 18,000 ரூபாய்
- மொத்தம் 63,000 ரூபாய்
- வருஷா வருஷம் 8 சதவீத உயர்வு

6-லேர்ந்து 12 வரை ஏழு வருஷத்துக்குக் கூட்டினா சுமார் 5 லட்சத்து 62 ஆயிரம் ரூபாய். இதுல டியூஷன் இல்ல, நீட் கோச்சிங் இல்ல, வீட்டுச் சாப்பாட்டுச் செலவும் இல்ல.

நவோதயாவுல? 6, 7, 8-ல பொதுவா எதுவும் இல்ல. 9-லேர்ந்து 12 வரை மாதம் 600 ரூபாய் வித்யாலயா விகாஸ் நிதி. நாலு வருஷத்துக்கு 28,800 ரூபாய். பெண் பிள்ளைகள், எஸ்சி, எஸ்டி, மாற்றுத்திறனாளிகள், வறுமைக்கோட்டுக்குக் கீழே இருக்கிற குடும்பங்கள் அதையும் கட்ட வேண்டாம். அரசு ஊழியர் பிள்ளைகளுக்கு மாதம் 1,500 ரூபாய் வரை வாங்குவாங்க. போக்குவரத்து, பெட்டி, படுக்கை, மாசாமாசம் போய்ப் பார்க்கிற செலவுன்னு இன்னும் கொஞ்சம் சேர்த்துக்குங்க.

மிச்சம் ஆகுறதுல பாதிக்கும் குறைவா, மாதம் 2,500 ரூபாய் மட்டும் ஏழு வருஷம் 7 சதவீத வட்டி கிடைக்கிற ஒரு ஆர்டி மாதிரி சேமிப்புல போட்டா, கட்டினது 2 லட்சத்து 10 ஆயிரம், கையில வர்றது சுமார் 2 லட்சத்து 70 ஆயிரம். பிள்ளை காலேஜ் சேரும்போது முதல் வருஷத்துக்குக் கடன் வாங்காம நிக்கலாம்.

ஆனா நேர்மையா ஒண்ணு சொல்லணும். உங்க பிள்ளை எப்படியும் அரசுப் பள்ளியிலதான் படிக்கப் போகுதுன்னா இந்த 5 லட்சம் மிச்சம்ங்கிற கணக்கு உங்களுக்குப் பொருந்தாது. உங்களுக்கு அந்தச் செலவே இல்லையே! அப்போ நவோதயா கொடுக்கிறது மிச்சம் இல்ல, விடுதி வசதி, முழு நேர ஆசிரியர்கள், கூடப் படிக்கிற பிள்ளைகள் இதெல்லாம்தான். தக்ஷணா அறக்கட்டளை மாதிரி அமைப்புகள் நவோதயா மாணவர்கள்லேர்ந்து தேர்ந்தெடுத்து ஜேஇஇ, நீட் பயிற்சியும் இலவசமா கொடுக்கிறாங்க.

அப்போ கிராமத்துக்கு வீடு மாத்திடலாமா?

வேண்டாம். இதைத்தான் முக்கியமாச் சொல்ல வந்தேன்.

டவுன்ல இருக்கிறவர் கிராமத்துல மாசம் 6,000 ரூபாய்க்கு வீடு எடுத்து மூணு வருஷம் இருந்தா 2 லட்சத்து 16 ஆயிரம். பத்துப் பேர் எழுதினா ஒருத்தருக்குக் கிடைக்குதுன்னு வெச்சுக்குவோம். 5 லட்சத்து 62 ஆயிரத்துல பத்துல ஒரு பங்கு 56 ஆயிரம். 56 ஆயிரம் மதிப்புள்ள வாய்ப்புக்கு 2 லட்சத்துக்கு மேல கொடுக்கிறது லாட்டரி வாங்குற மாதிரி.

நாம மட்டும் இப்படி யோசிக்கிறதா நினைக்காதீங்க. அமெரிக்காவுல எந்தத் தெருவுல வீடோ அந்தப் பகுதிப் பள்ளியிலதான் இடம். 1999-ல சாண்ட்ரா பிளாக்ங்கிற பொருளாதார நிபுணர் பாஸ்டன் புறநகர்ல, பள்ளி எல்லைக்கோட்டுக்கு ரெண்டு பக்கமும் இருக்கிற வீடுகளோட விலையை ஒப்பிட்டுப் பார்த்தார். தேர்வு மதிப்பெண் 5 சதவீதம் கூடுதலா இருக்கிற பள்ளிக்காகப் பெற்றோர் வீட்டுக்கு 2.5 சதவீதம் அதிக விலை கொடுத்தாங்க. இலங்கையில பேர் பெற்ற பள்ளிகள்ல முதலாம் வகுப்புச் சேர்க்கையில பாதி இடம், வீடு எவ்வளவு பக்கத்துல இருக்குங்கிறதை வெச்சுத்தான். கோடு இருக்கிற இடத்துல எல்லாம் அதுக்கு ஒரு விலை வந்துடுது.

ஆனா நம்ம ஊர்ல நிலைமை தலைகீழ். இங்கே கிராமத்துல ஏற்கெனவே இருக்கிறவங்க அந்தக் கோட்டுக்குக் காசு கொடுக்க வேண்டியதே இல்ல. பிள்ளை ஊர்ப் பள்ளியில 3, 4, 5 படிச்சா போதும். செலவும் மிச்சம், வாய்ப்பும் பத்திரம். நாம செய்யுற தப்பு என்னன்னா, டவுன் பள்ளிதான் நல்லதுன்னு பீஸ் கட்டி, நமக்குச் சும்மா கிடைச்ச இடத்தை விட்டுட்டு வெளியே வர்றோம். கோட்டை விலை கொடுத்து வாங்காதீங்க. இருக்கிறதைத் தெரியாம தொலைச்சுடாதீங்க. அவ்வளவுதான் விஷயம்.

பொய்யா குடியிருப்புச் சான்றிதழ் வாங்குற வேலை அறவே வேண்டாம். பின்னாடி கண்டுபிடிச்சா சேர்க்கை ரத்து. 11 வயசுப் பிள்ளையைப் பள்ளியை விட்டு அனுப்புற நிலைமைக்குக் கொண்டு போகாதீங்க.

அதே மாதிரி பத்து வயசுப் பிள்ளைக்கு 30 ஆயிரம், 40 ஆயிரம் கொடுத்து கோச்சிங்கும் வேண்டாம். தேர்வு 2 மணி நேரம், 80 கேள்வி, 100 மதிப்பெண். மனத்திறன் 50, கணக்கு 25, மொழி 25. தமிழ்லயே எழுதலாம். விண்ணப்பக் கட்டணம் கிடையாது. பழைய வினாத்தாளைப் பிரிண்ட் எடுத்து, தினம் அரை மணி நேரம் கூட உட்கார்ந்தா போதும்.

காசுல எழுத முடியாத கணக்கு

11 வயசுல பிள்ளை வீட்டை விட்டுப் போகுது. நம்ம மாவட்டம் சின்னது, பள்ளி பக்கத்துலதான் இருக்கு. ஆனா நினைச்ச நேரம் போய்ப் பார்க்க முடியாது. 9-ம் வகுப்புல சில பிள்ளைகளை ஒரு வருஷம் இந்தி பேசுற மாநிலத்து நவோதயாவுக்கு அனுப்புவாங்க, அங்கேர்ந்து இங்கே வருவாங்க. சில பிள்ளைகளுக்கு அது பெரிய தைரியத்தைக் கொடுக்கும். சில பிள்ளைகள் ஏங்கிப் போகும். உங்க பிள்ளை எப்படின்னு உங்களுக்குத்தான் தெரியும். பிள்ளைகிட்டயும் ஒரு வார்த்தை கேளுங்க.

இடம் கிடைக்கலைன்னாலும் வாழ்க்கை முடிஞ்சு போகலை. புதுச்சேரி, காரைக்கால் அரசுப் பள்ளிகள் தமிழ்நாடு பாடத்திட்டத்துலேர்ந்து மாறி, 2024-25-ல 12-ம் வகுப்பு வரைக்கும் சிபிஎஸ்இ ஆயிடுச்சு. சிபிஎஸ்இ வேணும்ங்கிறதுக்காக மட்டும் தனியார் பள்ளிக்கு பீஸ் கட்டிட்டிருந்தவங்க, அந்தக் காரணம் இன்னும் இருக்கான்னு ஒரு தடவை யோசிங்க. 9-ம் வகுப்புலயும் 11-ம் வகுப்புலயும் நவோதயாவுல காலி இடம் இருந்தா தனியா சேர்க்கை நடக்கும். அதையும் கண்ணுல வெச்சிருங்க.

மூணாவது கோடு 12-ம் வகுப்புல வரும்

பள்ளிக்கூடத்தோட கதை முடியலை. எல்லை இன்னொரு தடவை வந்து நிக்கும்.

பத்தாவது முடிச்சதும் நம்ம ஊர்ப் பிள்ளைகள் நிறைய பேரை நாமக்கல் பக்கம் விடுதிப் பள்ளியில சேர்க்கிறாங்க. ரெண்டு வருஷத்துக்கு லட்சக்கணக்குல ஆகும். பீஸ் பத்திப் பேசுறோம், ஹாஸ்டல் சாப்பாடு பத்திப் பேசுறோம். இதைப் பேசுறது இல்ல: என்ஐடி சேர்க்கையில உள்மாநிலம் எதுன்னு முடிவு பண்றது வீட்டு முகவரி இல்ல, 12-ம் வகுப்பு எந்த மாநிலத்துல பாஸ் பண்ணினாங்கங்கிறதுதான்.

திருவேட்டக்குடியில இருக்கிற என்ஐடி புதுச்சேரி 2010-ல தொடங்கினது. அங்கே பாதி இடம் உள்மாநிலப் பங்கு. காரைக்கால்ல 12-ம் வகுப்பு முடிச்ச பிள்ளை அந்தப் பங்குல வரும். நாமக்கல்ல முடிச்ச பிள்ளைக்கு உள்மாநிலம் தமிழ்நாடு, அதாவது திருச்சி என்ஐடி. திருச்சி பெரிய பேர்தான், ஆனா அங்கே போட்டி ஏழு கோடிக்கு மேல மக்கள் இருக்கிற மாநிலத்தோட. புதுச்சேரி யூனியன் பிரதேசத்தோட மொத்த மக்கள்தொகையே 2011-ல பன்னிரண்டரை லட்சத்துக்குப் பக்கம்தான். உங்க பிள்ளை மாநிலத்துலேயே முதல் வரிசையில நிக்கிற பிள்ளைன்னா திருச்சியை யோசிக்கலாம். நல்லாப் படிக்கிற, ஆனா முதல் வரிசை இல்லாத பிள்ளைன்னா, காசும் கட்டி, வீட்டு வாசல்ல இருக்கிற என்ஐடியில உள்மாநிலப் பங்கையும் விட்டுட்டு வர்றீங்க.

மருத்துவத்துக்கும் இதே மாதிரி ஒரு கணக்கு உண்டு. சென்டாக் சேர்க்கையில பகுதி ஒதுக்கீட்டுல காரைக்காலுக்கு 18 சதவீதம். 2023-லேர்ந்து புதுச்சேரியில அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு மருத்துவத்துல 10 சதவீத உள்ஒதுக்கீடு இருக்கு. தமிழ்நாட்டுல 2020-லேர்ந்து 7.5 சதவீதம், அங்கே 6-லேர்ந்து 12 வரை அந்த மாநில அரசுப் பள்ளியில படிச்சிருக்கணும். இதுல "அரசுப் பள்ளி"ன்னு சொல்றப்போ மத்திய அரசு நடத்துற பள்ளியும் சேரும்னு நாமளா முடிவு பண்ணிக்கக் கூடாது. டாக்டர்தான் ஆகணும்னு சின்ன வயசுலேயே கனவு இருக்கிற வீடு, நவோதயாவுக்கு அனுப்புறதுக்கு முன்னாடி சென்டாக் விவரக் குறிப்பேட்டுல அந்த ஒரு பக்கத்தைப் படிச்சுட்டு முடிவெடுங்க. ஒரு வாசல்ல நுழையும்போது இன்னொரு வாசல் மூடலாம்.

சுருக்கமா, ஃப்ரிட்ஜ்ல ஒட்டி வெச்சுக்கிறதுக்கு

- 2-ம் வகுப்பு முடியும்போது: பள்ளி எந்த மாவட்டம்? கிராமப் பகுதியா, நகர்ப்பகுதியா? பள்ளி மாத்துறதா இருந்தா இந்த ரெண்டையும் பார்த்துட்டு மாத்துங்க.
- 3, 4, 5-ம் வகுப்பு: கிராமப் பள்ளியில இருந்தா, அவசியம் இல்லாம நகரத்துக்கு மாத்தாதீங்க. ஒரு நாள்கூட.
- 5-ம் வகுப்பு தொடங்கினதும்: ஜூன் மாசத்துலேர்ந்தே நவோதயா இணையதளத்தைப் பாருங்க. குடியிருப்புச் சான்றிதழ், சாதிச் சான்றிதழ் முன்னாடியே வாங்கி வைங்க. கடைசி நாள்ல தாலுகா ஆபீஸ் வாசல்ல நிக்காதீங்க.
- 8-ம் வகுப்பு: 9-ம் வகுப்பு காலியிடச் சேர்க்கை பாருங்க.
- 10-ம் வகுப்பு: வெளியூர்ப் பள்ளிக்கு முன்பணம் கட்டுறதுக்கு முன்னாடி, 12-ம் வகுப்பு எந்த மாநிலக் கணக்குல வரும்னு எழுதிப் பாருங்க.

எங்க அக்காவுக்கு ரெண்டாவது ஒரு பொண்ணு. இப்ப ரெண்டாவது படிக்குது. போன மாசம் அத்தான் போன் பண்ணி, "மாப்ளே, டவுன் பள்ளியில மூணாவதுக்கு அட்மிஷன் போட்டிருக்கான், போட்டுடவா?"ன்னு கேட்டார். நான் பதில் சொல்றதுக்குள்ள அக்கா போனைப் புடுங்கி, "அஞ்சாவது முடியட்டும், அப்புறம் பேசிக்கலாம்"னு சொல்லி வெச்சிடுச்சு. அந்த வருஷ பீஸை என்ன பண்றதுன்னு கேட்டேன். போஸ்ட் ஆபீஸ்ல ஆர்டி ஆரம்பிச்சாச்சாம்.

உங்க பிள்ளை இப்ப எந்த வகுப்பு, பள்ளி கோட்டுக்கு எந்தப் பக்கம்னு கமெண்ட்ல எழுதுங்க. குழப்பமா இருந்தா அடுத்த வீடியோல எடுத்துப் பேசுவோம். 2-ம் வகுப்புல பிள்ளை இருக்கிற ஒரு வீட்டுக்காவது இதை அனுப்பி வைங்க. அஞ்சாவதுல இருக்கிறவங்களைவிட அவங்களுக்குத்தான் இது அதிகம் தேவை.